17. நான்தான் சொன்னேன்

காலையில் அக்கா, தங்கை, தங்கையின் கணவன் மூன்று பேரும் வாஷிங் மெஷினைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாதிக்கு மேல் தண்ணீர். கூடத்துத் திரைகள் நான்கும் அதில் அமுங்கிக் கிடந்தன. மெஷின் கொஞ்ச நேரம் உறுமும். பிறகு கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்துவிடும். தண்ணீர் வடியாமல் கதவும் திறக்காது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு," என்றாள் சின்னவள். பேச்சு மெஷினைப் பற்றி, பார்வை அக்காவின் மேல்.

பெரியவள் மெஷின் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நேற்று இரவு கால் வலியென்று அவள் சீக்கிரம் படுத்துவிட்டாள். திரைகளைக் கழற்றி உள்ளே திணித்து பொத்தானை அமுக்கியது சின்னவள்தான்.

"மெக்கானிக்கைக் கூப்பிடு. சாயங்காலம் ஆஃபீஸ் பெரிய மேடம் சாப்பிட வர்றாங்க. ஜன்னல் மொட்டையா இருக்கக் கூடாது."

"சரி குட்டி. நீ கிளம்பு, நான் பார்த்துக்கறேன்."

குட்டி என்ற அந்தப் பெயர் ஒரு வாரமாகச் சின்னவளுக்குக் கசந்துகொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் மாடி வீட்டுக்காரி சொன்ன பேச்சு அப்படி. "உங்களுக்கென்னங்க, கொடுத்து வெச்சவங்க. வீட்டையும் அக்கா பார்த்துக்கறாங்க, வீட்டுக்காரரையும் அக்காவே பார்த்துக்கறாங்க." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவள் தன் மாடியில் இறங்கிப் போய்விட்டாள். சொன்ன பேச்சு மட்டும் சின்னவளோடு வீட்டுக்குள் வந்தது.

அன்றிலிருந்து அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். கணவனின் காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அக்கா கேட்பதே இல்லை. அவன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடுமுன் எடுத்து நீட்டுகிறாள். மூன்று வருஷமாக நடப்பதுதான். இந்த ஒரு வாரமாகத்தான் அது கண்ணை உறுத்தியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பெரியவள் புத்தகம் தைத்துக்கொண்டிருந்த அச்சகத்தை இழுத்து மூடினார்கள். அன்றைக்குச் சின்னவளே காரை எடுத்துக்கொண்டு போய், "இனிமே நீ எங்கூடத்தான்" என்று அவள் பெட்டியைத் தூக்கி வைத்தாள். அந்தச் சொல் பொய்யில்லை. அம்மா போனபோது ஆறு வயதுக் குழந்தையாக இருந்தவளை வளர்த்துப் படிக்கவைத்து, தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்கக்கூட மறந்துபோனவள் அக்கா. அதெல்லாம் சின்னவளுக்கு மறக்கவில்லை. நினைவு இருப்பதுதான் இப்போது அவளுக்குச் சுமையாக இருந்தது.

புறப்படும்போது கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க எதையும் தொடாதீங்க. ஒரு பல்பு மாத்தக்கூடத் தெரியாது உங்களுக்கு."

அவன் கட்டட வரைபடம் போடுகிறவன். வீட்டிலேயே ஒரு அறையில் உட்கார்ந்து வேலை. மனைவி என்ன சொன்னாலும் லேசாகச் சிரிப்பான். இன்றும் சிரித்தான். ஆனால் அக்கா எதிரில் வாங்கியது அவனுக்குள் எங்கோ குத்தி நின்றுவிட்டது.

*

பெரியவள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் மெக்கானிக் எடுத்தான். மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தங்கையின் கணவன் அறையிலிருந்து வந்து அவள் கையிலிருந்த போனை வாங்கினான்.

"ஹலோ, வர வேண்டாங்க. நானே பார்த்துக்கறேன்."

"என்ன தம்பி இது? குட்டி அவ்வளவு சொல்லிட்டுப் போனாளே."

"ஒரு மூடியைக் கழட்டி மாட்டணும் அக்கா, அவ்வளவுதான். வீடியோ பார்த்துட்டேன். அவ வர்றப்ப மெஷின் ஓடிட்டு இருக்கணும்."

அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் பெரியவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். தரையில் பழைய துண்டுகளை விரித்தாள். நைட்டியின் ஓரத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மெஷினின் அடியில், வலப்பக்க மூலையில் ஒரு சின்னக் கதவு. கரண்டிக் காம்பால் நெம்பியதும் திறந்தது. உள்ளே வட்டமாக ஒரு மூடி. பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய்.

"முதல்ல இந்தக் குழாய் வழியாத் தண்ணியை எடுத்துடலாம் தம்பி. தட்டு கொண்டு வர்றேன்."

"அது விடிய விடிய ஒழுகும். மூடியைத் திறந்தா ஒரே நிமிஷம்."

"அப்படின்னா கொஞ்சம் கொஞ்சமாத் திருகுங்க. முழுசாக் கழட்டிடாதீங்க."

அவன் முழுசாகவே கழற்றிவிட்டான்.

மூடி கையோடு வந்தது. அதன் பின்னாலேயே சோப்பு நுரையும் அழுக்குமாக அவ்வளவு தண்ணீரும் வந்தது. அவன் உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தான்; சட்டைக்கைக்குள் புகுந்து முழங்கை வழியாகக் கொட்டியது. விரித்த துண்டுகள் மிதந்தன. ஃபிரிட்ஜுக்கு அடியில் புகுந்து சமையலறையைத் தாண்டி, கூடத்துக் கம்பளத்தை நோக்கித் தண்ணீர் ஓடியது.

"கம்பளம், கம்பளம்," என்று எழுந்து ஓடப் பார்த்தவன் வழுக்கி, தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தான். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது.

பெரியவள் பதறிப்போனாள். "அடி பட்டுதா தம்பி?"

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு ரொம்பப் பொறுப்பான குரலில் சொன்னான்: "அக்கா, தண்ணி இறங்கிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு இயந்திரங்களின் சத்தத்தை மீறிச் சிரித்துப் பழகிய சிரிப்பு அது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அடக்கியே வைத்திருந்தாள். அவனும் சிரித்தான். ஒருவரை ஒருவர் பார்க்கப் பார்க்க அடங்க மாட்டேன் என்றது.

சிரித்துக்கொண்டே அவள் மண்டியிட்டு, ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறி. அதன் இறக்கைக்கு நடுவில் ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் நெம்பி இழுத்தாள். திரையை மாட்டுகிற பிளாஸ்டிக் கொக்கி. ராத்திரி கழற்றாமல் போட்ட கொக்கி.

"என்ன அக்கா அது?"

"ஏதோ குப்பை," என்று நைட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். மூடியைத் திருப்பி மாட்டி இறுக்கினாள். பிறகு எழுந்து, இன்னும் சிரிப்பு மாறாத முகத்தோடு அவனுக்குக் கை கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு எழ முயன்று மறுபடி வழுக்கினான்.

விருந்துக்கான மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாதி வேலையில் வந்த சின்னவளுக்கு, லிஃப்டை விட்டு வெளியே வரும்போதே அந்தச் சிரிப்பு கேட்டது. பூட்டில் சாவியை நுழைத்துவிட்டுத் திருப்பாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திருப்பினாள்.

*

"பார்த்து எழுந்திருங்க. வழுக்கப் போகுது."

அவ்வளவுதான் சொன்னாள் சின்னவள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் அக்காவின் கையை விட்டான். விட்ட வேகத்தில் அவள் தடுமாறி மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கைத்தானே கூப்பிடச் சொன்னேன்?"

கேள்வி பொதுவாக வந்தது. பெரியவள் அவனைப் பார்த்தாள். அவன் சொல்ல வேண்டிய பதில் அது. ஒரு வரிதான்.

அவன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். சட்டையே நனைந்திருந்தது. திரும்பவும் துடைத்தான்.

"அக்காதான்... நாமளே பார்த்துடலாம்னு கூப்பிட்டாங்க."

சொன்னதைத் திருத்திக்கொள்வான் என்று பெரியவள் காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இவர்கள் இருவரும் இன்று முழுக்கச் சண்டை போடுவார்கள், சாயங்காலம் விருந்தாளி வேறு வருகிறார் என்று நினைத்தாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றாள்.

"நீங்க உள்ள போய் டிரஸ் மாத்துங்க," என்றாள் சின்னவள் கணவனிடம். அவன் போனான்.

சின்னவள் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற, வேலையை விட்டு அனுப்புகிற அதிகாரி. அனுப்புவதில் அவளுக்கு நல்ல பெயர். அவள் மேசைக்கு எதிரில் இதுவரை ஒருவரும் கத்தியதில்லை. உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, குரலைத் தணித்துத்தான் ஆரம்பிப்பாள்.

இப்போது சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"உட்காருக்கா. நீ தப்பா நினைக்கக் கூடாது."

பெரியவள் ஈரத்தோடு உட்கார்ந்தாள்.

"நீ கொஞ்ச நாள் வேற எங்கேயாவது இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு நினைக்கிறேன். உனக்கும்தான்."

"எதுக்கு குட்டி? தரையைத் துடைச்சிடறேன். கம்பளம் ஒண்ணும் பெரிசா நனையல."

"கம்பளத்தைப் பத்தி நான் பேசல."

பெரியவளுக்கு அப்போதும் உடனே புரியவில்லை. குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த நைட்டி, முழங்கால் வரை ஈரம், உடம்போடு ஒட்டிய துணி. அப்போது புரிந்தது. செருகியதை மெதுவாக இழுத்துக் கீழே விட்டாள்.

"அவர் எனக்குத் தம்பி மாதிரிடி."

"நான் ஒண்ணுமே சொல்லலையே. நீயா ஏன் சொல்றே?"

பெரியவள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே போயிட்டா நல்லது."

"திரையை மாட்டிட்டுப் போறேன்."

சின்னவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. சமையலையும் முடிச்சுடு. நான் ஆஃபீஸ் போயிட்டு சீக்கிரம் வந்துடறேன்."

*

பெரியவள் தரையைத் துடைத்தாள். பிளக்கை மாட்டி, மெஷினைப் புதுத் தண்ணீரில் ஓட விட்டாள். தண்ணீர் கடகடவென்று வடிந்து, திரைகள் பிழிந்து வந்தன. ஈரம் காயுமுன்னே ஸ்டூலில் ஏறி நான்கையும் மாட்டினாள். கோழியை வறுத்தாள், காய்கறி நறுக்கினாள், சூப்பை இறக்கி மூடி வைத்தாள். அவளுடைய பெட்டி கட்ட அதிக நேரம் ஆகவில்லை. பழைய அச்சகத் தோழி ஒருத்தி பெண்கள் விடுதியில் இருந்தாள். அவளுக்குப் போன் செய்து, "ஒரு ரெண்டு நாள்," என்று மட்டும் சொன்னாள்.

சின்னவள் திரும்பி வந்து மேசை மேல் தட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, பெரியவள் அவன் அறைக் கதவருகே பெட்டியோடு நின்றாள். அவன் கம்ப்யூட்டர் திரையில் ஒரு மாடிப்படியின் கோட்டை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, வர்றேன்."

"சரிக்கா," என்றான், திரும்பாமல்.

வாசலில் பெரியவள் செருப்பை மாட்டியபடி, "சூப்பைப் பரிமாறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சூடு பண்ணிடு," என்றாள். சின்னவள் தலையசைத்தாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. தோளில் பையோடு ஒரு ஆள் நின்றிருந்தான்.

"மெக்கானிக்ங்க. பக்கத்து பில்டிங்குக்கு வந்தேன். காலையில அக்கா ரெண்டு தடவை கூப்பிட்டு, அவசரம், உடனே வாங்கன்னாங்க. நான் வர்றேன்னு சொல்லிட்டு இருக்கறப்பவே சார் போனை வாங்கி வேண்டாம், நானே பார்த்துக்கறேன்னுட்டார். அதான் சரியாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு."

சின்னவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"சார் வேண்டாம்னாரா?"

"ஆமாங்க. அக்கா பாவம், பின்னாலேர்ந்து என்ன தம்பி இது, குட்டி அவ்வளவு சொல்லிட்டுப் போனாளேன்னாங்க, கேட்டுச்சு."

"சரியாயிடுச்சு. தேவைன்னா கூப்பிடறோம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்து, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நம்பரையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் எடுப்பாள். "வா மேல" என்று சொன்னால் வந்துவிடுவாள், ஏன் எதற்கு என்று கேட்கக்கூட மாட்டாள்.

சின்னவள் கூப்பிடவில்லை.

தப்பு செய்தவளாக இருந்தால் மன்னித்து அழைத்துக்கொள்ளலாம். இவள் ஒன்றும் செய்யவில்லை. அவன் சொன்ன பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அவனுக்காக என்னிடமே பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தாள் சின்னவள். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டதும் அவளுக்கு நிற்க ஒரு இடம் கிடைத்தது.

பஸ் வந்தது. பெட்டியை யாரோ ஒருவர் கை கொடுத்து ஏற்றினார். பஸ் போன பிறகு, ஜன்னல் திரையின் மடிப்பு ஒன்று கோணலாக இருப்பதைப் பார்த்து அதைச் சரிசெய்தாள்.

*

பெரிய மேடம் நன்றாகச் சாப்பிட்டார். சூப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

"கைப்பக்குவம் பிரமாதம். யாரு சமைச்சது?"

அவன் வாயைத் திறந்தான்.

"நான்தான் மேடம்," என்றாள் சின்னவள்.

"வேலைக்கும் போயிட்டு இவ்வளவும் செய்யறீங்களா? வீட்டுல ஒத்தாசைக்கு வேற யாரும் இல்லையா?"

"இல்ல மேடம். நாங்க ரெண்டு பேர்தான்."

அவன் திறந்த வாய்க்குள் ஒரு கவளத்தைப் போட்டுக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில பேக்கிங் பிரிவுக்கு ஆளெடுக்கறீங்க இல்ல?" என்றார் மேடம், கையைத் துடைத்தபடி. "நானும் உங்க பக்கத்துல உட்கார்றேன். ஒண்ணும் பேச மாட்டேன். நீங்க ஆளுங்களை எப்படி நடத்தறீங்கன்னு சும்மா பார்க்கணும். புரமோஷனுக்கு மேலே உங்க பேரைத்தான் சொல்லப் போறேன்."

அவரை லிஃப்ட் வரை கொண்டுவிட்டு வந்து சின்னவள் சோபாவில் சாய்ந்தபோது போன் அடித்தது. அக்கா.

நான்கு தடவை அடிக்கவிட்டு எடுத்தாள்.

"சாப்பாடு நல்லாயிருந்துதா? அவங்க என்ன சொன்னாங்க?"

"நல்லாயிருந்துது."

"குட்டி," என்று பெரியவள் கொஞ்சம் நிறுத்தினாள். பின்னால் பல பெண்கள் பேசுகிற சத்தம், வாளி இழுபடுகிற சத்தம். "பஸ்ல யோசிச்சுட்டே வந்தேன். தப்பு என் மேலதான். நீ மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னே, நான் அவரைக் கூப்பிட்டேன். அவர் மேல கோபப்படாதே. என்னை மன்னிச்சிடு."

மெக்கானிக் வந்துபோனதைச் சொல்ல ஒரு நொடி போதும்.

"பரவாயில்லக்கா," என்றாள் சின்னவள். "நான் மனசுல வெச்சுக்கல."

மறுமுனையில் மூச்சு இழுபட்டு இறங்கியது. "அப்ப... நாளைக்கு வந்துடட்டுமா?"

"வேண்டாம். ஒரு மாசம் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

லைன் போய்விட்டதோ என்று சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பேச்சு வந்தபோது குரல் அதேதான். பேசிய விதம் வேறாக இருந்தது.

"சரிங்க."

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அக்கா தன்னிடம் ஒரு 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"என்னக்கா, புதுசா..."

"பழகிக்கணும்ல. இங்க இருக்கறவ ஒரு இடம் சொன்னா. நாளைக்குக் காலையில துணி மடிச்சுப் பெட்டி கட்டற வேலைக்கு ஆளெடுக்கறாங்களாம். மடிக்கிற வேலை எனக்குக் கை வந்ததுதான். எந்தக் கம்பெனின்னு கேட்டேன். பேரைச் சொன்னா, உங்களுதுதான்."

"அக்கா, நீ அங்க..."

"யாருகிட்டயும் சொந்தம்னு சொல்லிக்க மாட்டேங்க. எல்லாரையும் போல வரிசையில நிப்பேன். அங்க உங்களை மேடம்னுதான் கூப்பிடணுமாமே, நானும் அப்படியே கூப்பிடறேன். வெச்சுடட்டுங்களா?"

பெரியவளே வைத்துவிட்டாள்.

"யாரு, அக்காவா?" சமையலறையிலிருந்து அவன் கேட்டான். தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

சின்னவள் போனை மடியில் வைத்தாள். நாளைக் காலை ஆளெடுக்கிற மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போடச் சொல்லி, அவளே ஆஃபீஸுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ஒன்று தனக்கு. இன்னொன்று பெரிய மேடத்துக்கு.